வேலிக்கு ஓணான் சாட்சி

கல்யாண வாழ்த்துரை, பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம் எதுவானாலும் சரி, இந்தப் பேச்சை நீங்களும் ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். "விராலிமலை மயிலைப் பாருங்க. தோகை யாருக்கு? ஆணுக்குத்தான். சிங்கத்தைப் பாருங்க. பிடரி யாருக்கு? ஆணுக்குத்தான். சேவலுக்குத்தான் பெரிய கொண்டை. இயற்கையே ஆணைக் கம்பீரமா முன்னால நிறுத்தி, பெண்ணை அடக்கமாப் பின்னால வெச்சிருக்கு. நாம என்ன சார் அதைப் புதுசா மாத்தறது?" உடனே கைதட்டல். முன்வரிசைப் பெண்களும் சிரித்துக்கொண்டே தட்டுவார்கள். பந்தி ரெடி என்று யாராவது குரல் கொடுத்ததும் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். பேச்சு மட்டும் மண்டபத்தை விட்டு வீட்டுக்கு வந்து, நம் பையன் மண்டையிலும் பெண் மண்டையிலும் உட்கார்ந்துகொள்ளும்.

இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. சாட்சி வாய் திறக்காது. குறுக்கு விசாரணையும் கிடையாது. வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? வேலியைப் போட்டவர் இவர். ஓணான் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக அது இவர் பக்கத்துச் சாட்சி ஆகிவிடுமா?

மயிலை இன்றைக்கு விட்டுவிடுவோம். முருகன் வாகனம், அதற்குப் பரிந்து பேச நிறையப் பேர் உண்டு. யாருமே பரிந்து பேசாத ஓணானைக் கூண்டில் ஏற்றுவோம். அது என்னதான் சொல்கிறது பார்ப்போம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓணானைத் தேடி அலைய வேண்டியதில்லை. குடுமியான்மலைப் பக்கமோ நார்த்தாமலைப் பக்கமோ கிராமத்துச் சாலையில் போனால், கிளுவை வேலியிலும் கருவேல முள்ளிலும் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். மற்ற நாளில் மண் நிறம், காய்ந்த குச்சி நிறம். இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டால் ஆண் ஓணானைப் பார்க்க வேண்டும். தலை, தொண்டை, தோள் எல்லாம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். தொண்டையின் இரு பக்கமும் மை தடவின மாதிரி கறுப்பு. வேலியிலேயே உயரமான குச்சியாகப் பார்த்து ஏறி நின்று தண்டால் எடுக்கும். பக்கத்தில் இருக்கிற பெண் ஓணான் அதே மண் நிறத்தில், எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தச் சிவப்பை நாம் இரண்டு விதமாகத் தப்பாகப் படிக்கிறோம். சிறுவர்கள் படிப்பது ஒரு விதம். "டேய், ரத்தம் குடிக்குதுடா! தொப்புளை மூடிக்கோ!" பார்வையாலேயே நம் ரத்தத்தை உறிஞ்சித் தொண்டையில் வைத்துக்கொள்கிறதாம். வெள்ளைக்காரனும் சளைத்தவன் இல்லை. இதற்கு 'ப்ளட் சக்கர்' என்றே பெயர் வைத்தான். நம் ஊரில் கூடவே ஒரு கதையும் உண்டு. ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அதனால் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, ஓணானுக்குக் கல்லடி. தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடிப்பது, வாயில் மூக்குப்பொடியைத் திணித்து அது தள்ளாடுவதைப் பார்த்துச் சிரிப்பது, கடைசியில் கல்லால் நசுக்குவது. இதை விளையாட்டு என்கிறோம். எறும்பும் வெட்டுக்கிளியும் தின்று பிழைக்கிற ஜீவன் அது. அதன் தொண்டையில் யாருடைய ரத்தமும் இல்லை.

பெரியவர்கள் படிப்பது இன்னொரு விதம். அதுதான் மேடைப் பேச்சு. சிறுவனுக்கு அந்தச் சிவப்பு குற்றமாகத் தெரிகிறது, பேச்சாளருக்குக் கிரீடமாகத் தெரிகிறது. இரண்டு பேருமே அந்தச் சிவப்பு எதற்கு என்று கேட்கவில்லை.

கேட்டவர் ஒருத்தர் உண்டு. சார்லஸ் டார்வின். பிழைத்திருக்க உதவாத, சொல்லப்போனால் பிழைப்புக்கே உலை வைக்கிற இந்த மாதிரி அலங்காரங்கள் அவரைத் தூங்கவிடவில்லை. மயில் தோகையைப் பார்த்தாலே உடம்புக்கு என்னவோ செய்கிறது என்று 1860-ல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும் என்றால், ஓடவும் பறக்கவும் இடைஞ்சலாக இருக்கிற இவ்வளவு பெரிய தோகை எப்படித் தப்பியது? பதிலை 1871-ல் மனிதனின் மூதாதையர் பற்றிய புத்தகத்தில் எழுதினார். அதற்குப் பாலினத் தேர்வு என்று பெயர். உயிர் பிழைத்தால் மட்டும் போதாது, ஜோடி கிடைத்து வாரிசும் வர வேண்டும். அந்தப் போட்டியில் ஜெயிக்க உதவுகிற எதுவும், ஆயுளைக் கொஞ்சம் குறைத்தாலும், அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போட்டி இரண்டு வகை. ஆணும் ஆணும் மோதிக்கொள்வது ஒன்று. பெண் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று.

அந்தப் புத்தகத்தில் நம் பக்கத்துச் சமாசாரம் ஒன்று இருக்கிறது. சிட்டானா என்கிற சின்னஞ்சிறு ஓணான். கட்டைவிரல் நீளத்துக்குத்தான் உடம்பு. மிச்சம் எல்லாம் வால். கரட்டு நிலத்திலும் மணல்வெளியிலும் ஓடித் திரியும். ஆணுக்கு மட்டும் தொண்டைக்குக் கீழே மடித்து வைத்த விசிறி மாதிரி ஒரு தோல். பருவம் வந்தால் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று அதை விரித்து விரித்து மூடும். பெண்ணிடம் அந்த உறுப்பின் அடையாளம்கூட இல்லை என்பதை டார்வின் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. குந்தர் என்கிற விலங்கியலாளர் 1864-ல் வெளியிட்ட இந்திய ஊர்வன பற்றிய நூலைப் படித்துத் தெரிந்துகொண்டார். இந்த சிட்டானாவுக்கு 1829-ல் கூவியே வைத்த அறிவியல் பெயரிலேயே புதுச்சேரி இருக்கிறது. 2016-ல் நம் விஞ்ஞானிகள் இந்தக் கூட்டத்தை அலசி ஆராய்ந்து பல புது இனங்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டில் வாழும் ஓர் இனத்துக்கு 'விசிறி' என்றே பெயர். இன்னொன்றுக்கு 'மருதம்நெய்தல்'. தமிழ் வாழ்க என்று எழுதின சுவரின் அடியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை. அது ஓடுகிற நிலத்துக்கு வருவாய்த்துறைக் கணக்கில் 'தரிசு' என்று பெயர்.

சரி, வேலி ஓணானுக்கு வருவோம். ஆணுக்கு உடம்பு பெரிது. தலை பெரிது. கன்னம் உப்பியிருக்கும்; அதற்குள்ளே தாடைத் தசை. எதற்கு? இன்னொரு ஆண் வந்தால் கடித்துக் குதறுவதற்கு. தண்டால் எடுப்பது, தொண்டையை உப்புவது, நிறம் ஏற்றுவது எல்லாம் சண்டைக்கு முன்னால் விடுகிற எச்சரிக்கை. பாதிச் சண்டை இதிலேயே முடிந்துவிடும். தோற்றவன் நிறம் சட்டென்று இறங்கிவிடும்; கம்பீரம் எல்லாம் சில நிமிஷத்தில் காலி. பேச்சாளர் சொன்ன கம்பீரத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

தென்னிந்தியப் பாறைக் குன்றுகளில் வாழும் பாறை ஓணான் இதைவிடக் கெட்டிக்காரன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மரியா தாக்கர் குழுவினர் இதைப் பல வருஷமாக ஆராய்ந்தார்கள். 2017-ல் வெளியிட்ட முடிவு இது. எதிரில் பெண் வந்தால் ஆணின் முதுகு சிவக்கும், விலா கறுக்கும். எதிரில் ஆண் வந்தால் முதுகு மஞ்சளாகும், விலா ஆரஞ்சாகும். பெண்ணுக்குக் காட்டுவதில் பளிச்சென்ற வேறுபாடு அதிகம். எதிரிக்குக் காட்டுவதில் வேகம் அதிகம். ஒரே உடம்பு, ஆளைப் பார்த்து இரண்டு விளம்பரம். (கட்சி மாறுகிறவரைப் பச்சோந்தி என்று திட்டுகிறோமே, பாவம் பச்சோந்தி. அதுவும் ஒளிந்துகொள்வதற்காக மட்டும் நிறம் மாற்றுவதில்லை; மனசில் இருப்பதை வெளியில் காட்டவும்தான் மாற்றுகிறது. நம் ஆட்கள் செய்வது அதற்கு நேர்மாறு.)

இப்போது முக்கியமான கேள்வி. அவ்வளவு நல்ல சிவப்பு என்றால் பெண் ஏன் சிவக்கவில்லை? மேடைப் பேச்சாளர் பதில் வைத்திருக்கிறார்: அடக்கம். ஓணான் வைத்திருக்கிற பதில் வேறு. சிவப்பு என்பது உச்சிக் குச்சியில் நின்று, "வல்லூறே, நான் இங்கேதான் இருக்கேன்" என்று மைக் போட்டுச் சொல்வது. காக்காய்க்குத் தெரியும், பூனைக்குத் தெரியும், கல்லோடு நிற்கிற பையனுக்கும் தெரியும். அந்த ஆபத்தை ஈடு கட்டுகிற லாபம் ஆணுக்கு இருக்கிறது: ஓர் இடத்தைப் பிடித்தால் அங்கே வருகிற பல பெண்களோடு சேரலாம். பெண்ணுக்குச் சிவப்பினால் ஒரு முட்டைகூடக் கூடாது. வயிற்றில் பத்து இருபது முட்டையைச் சுமந்துகொண்டு மெதுவாக நடக்கிறவள் அவள். மண் தோண்டிக் குழி பறித்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போகிறவரை உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த மண் நிறம்தான் அவளைக் காப்பாற்றுகிறது. அதைக் குடும்பப் பாங்கு என்று பெயர் சூட்டி நீங்கள் கைதட்ட வேண்டியதில்லை. குழி தோண்டுகிற நேரத்தில் நம் செந்தலை வீரர் எங்கே என்று கேட்காதீர்கள். அடுத்த வேலியில் தண்டால் எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆக, ஆணின் அலங்காரம் இயற்கை கொடுத்த பரிசு என்று சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான ஒரு வார்த்தை நம் ஊரில் இருக்கிறது: கடன். வட்டியோடு, பல சமயம் உயிரையே கொடுத்து அடைக்கிற கடன்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி எழுந்து நிற்கும். "அப்படின்னா இயற்கையில் தேர்ந்தெடுக்கிறது பெண்தான், ஆண் வெறும் மனுப்போடுகிறவன்" என்று. கொஞ்சம் பொறுங்கள். பறவைகளில் அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஓணான், பல்லி வகைகளில் பெண் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கலவையானது. ஆண்-ஆண் சண்டைக்கே ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஆகவே நீங்களும் ஓணானைத் தூக்கிக்கொண்டு மேடை ஏற வேண்டாம். வேலியில் போகிற ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை சேலைக்கும் பொருந்தும்.

ஆனால் பெண் தேர்ந்தெடுப்பாள் என்ற யோசனைக்கு நேர்ந்த கதியைச் சொல்லியே ஆக வேண்டும். டார்வின் சொன்ன இரண்டில் ஆண்களின் சண்டையை விஞ்ஞானிகள் உடனே ஒப்புக்கொண்டார்கள். பெண்ணின் தேர்வு என்றதும் முகம் சுளித்தார்கள். இயற்கைத் தேர்வைத் தனியாகக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் வாலஸே அதை ஏற்கவில்லை. கிட்டத்தட்ட நூறு வருஷம் அந்த யோசனை மூலையில் கிடந்தது. 1970-களுக்குப் பிறகுதான் தூசி தட்டி எடுத்தார்கள். டார்வினும் யோக்கியர் இல்லை. பெண் மயிலுக்கு ரசனை உண்டு என்று எழுதிய அதே புத்தகத்தில், மனித ஆணுக்குத்தான் பெண்ணைவிட மூளைத்திறன் அதிகம் என்றும் எழுதிவைத்தார். அமெரிக்காவில் ஆன்டனெட் பிரவுன் பிளாக்வெல் என்ற பெண்மணி 1875-ல் தனிப் புத்தகமே போட்டுப் பதில் சொன்னார்: உங்கள் கணக்கில் ஆணின் வரவை மட்டும் எழுதியிருக்கிறீர்கள், பெண்ணின் வரவை எழுதவே இல்லை என்கிற பொருளில். பரிணாமம் தெரிந்தவருக்கே இப்படித் தடுக்கியது என்றால், தெரியாதவர் கையில் மைக் கொடுத்தால் என்ன ஆகும்?

சாட்சி இன்னும் முடிக்கவில்லை. வேலி ஓணானுக்கு ஆண், பெண் என்பது நமக்குப் போலக் கருவான நிமிஷத்திலேயே தீர்மானமாகிற சமாசாரம் இல்லை போலிருக்கிறது. முட்டை கிடக்கிற மண்ணின் சூடு அதைத் தீர்மானிக்கிறது என்று 2012-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. அதுவும் விசித்திரமாக. சூடு ஏற ஏறப் பெண், பிறகு ஆண், மறுபடி பெண், மறுபடி ஆண். மேடையில் முழங்குகிற அந்தக் கம்பீரமே, குழி கொஞ்சம் நிழலில் இருந்ததா வெயிலில் இருந்ததா என்பதைப் பொறுத்தது.

உங்கள் வீட்டுப் பூந்தொட்டியைக் கிளறினால் மண்புழு மாதிரி ஒரு குட்டிப் பாம்பு நெளியும். புழுப் பாம்பு என்பார்கள். விஷம் கிடையாது. அந்த இனத்தில் ஆணே இல்லை. எல்லாம் பெண். ஆண் துணை இல்லாமலே முட்டையிட்டு, பூந்தொட்டியோடு தொட்டியாக உலகம் பூராவும் பரவிவிட்டது. கண்மாய்க்குப் போனால் மயில் உள்ளான் இருக்கும். அதில் பெண்தான் பளபளப்பு. ஆண் மங்கல், அடைகாப்பதும் அவன்தான். நீளவால் இலைக்கோழியிலும் முட்டையை அடைகாத்துக் குஞ்சு பார்ப்பது அப்பா. பட்டிமன்றப் பேச்சாளர் ஏன் இவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை? கோர்ட்டில் இந்த மாதிரி ஆளுக்குப் பிறழ் சாட்சி என்று பெயர்.

'அப்போ ஆணும் பெண்ணும் ஒண்ணுதான்னு சொல்றீங்களா?' என்று கடிதம் வரும். அப்படிச் சொல்லவில்லை. வித்தியாசம் இருக்கிறது. ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது: எந்த ஊர், என்ன தீனி, எவ்வளவு பகை, யார் யாரோடு மோதினார்கள் என்ற சரித்திரம். இடம் மாறினால் அது மாறும். அந்தச் சரித்திரத்தைச் சட்டமாக்கி, அந்தச் சட்டத்தையும் பெண்ணுக்கு மட்டும் பொருத்தும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இதைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே பிறந்த முத்துலட்சுமி மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கிற இடத்தில் பெண்ணா என்று ஊரே கிளம்பியது. தொண்டைமான் மன்னர் அனுமதித்ததால் 1904-ல் அந்தக் கல்லூரியின் முதல் மாணவி ஆனார். 1912-ல் டாக்டர். அன்றைக்கு எதிர்த்தவர்களும் பெண்ணின் இயல்பு என்றுதான் பேசியிருப்பார்கள். பிறகு 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் உடைத்தவர்கள், வயலில் நடவு நட்டவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். பொம்பளை சைக்கிள் ஓட்டினால் ஒழுங்கா என்று திண்ணைகளில் கேலி. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண் சைக்கிளிலேயே பாரின்மேல் குழந்தையை உட்காரவைத்து, பின்னால் தண்ணீர்க்குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். எந்தப் பரிணாமமும் இடிந்து விழவில்லை. கேலி செய்தவர்களின் பேத்திகள் இன்றைக்கு ஸ்கூட்டியில் போகிறார்கள்.

எனக்குக் கவலை, இதையெல்லாம் யோசிக்கக் கற்றுத்தருகிற பாடத்தையே பிடுங்குகிறார்களே என்பதுதான். என்.சி.ஈ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'மரபும் பரிணாமமும்' என்று ஒரு பாடம் இருந்தது. சுமை குறைப்பு என்ற பெயரில் பரிணாமத்தை வெட்டிவிட்டு, 2023-ல் வந்த புத்தகத்தில் 'மரபு' மட்டும் மிச்சம். அந்த ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்றார்கள். இருக்கிறது, உயிரியல் எடுப்பவருக்கு. காமர்ஸ் எடுக்கிற பையனுக்கு? பரிணாமம் படிக்காமலே அவன் வளர்வான், கல்யாணம் செய்வான், மேடையேறி மயிலைக் கூப்பிடுவான். தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்புப் புத்தகம் பரிணாமத்தைத் தனிப் பாடமாகவே வைத்தது. நல்லது. ஆனால் புத்தகத்தில் இருந்தால் போதுமா? டார்வின், தாடி, கப்பல், கலாபாகஸ் குருவி, ஐந்து மார்க் கேள்வி என்று ஒப்பித்துவிட்டு வெளியே வந்து அதே பையன் ஓணானை அடிக்கிறான்.

புதுக்கோட்டைப் பக்கத்து அறிவியல் வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஒரு பாடத்துக்கு லேப் வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். சிவப்பு ஏறுகிற மாதத்தில் ஒருநாள் காலை வெயில் ஏறினதும் வகுப்பை வெளியே கூட்டிப்போங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முள்வேலி இன்னும் இருந்தால் போதும். சிவப்பு எத்தனை, மண் நிறம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். மண் நிறத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேளுங்கள். யார் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு ஆண் வந்ததும் முதல் ஆளின் நிறம் என்ன ஆகிறது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெண்பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிப்போங்கள். புறப்படும் முன் பையன்களின் டவுசர் பாக்கெட்டைத் தடவிக் கல் இருந்தால் வாங்கி வைத்துவிடுங்கள்.